கண் தெரியவில்லை என்று சொன்ன ஞாயிறு

என் கண் மங்க ஆரம்பித்தது போன வருடம் மழைக்காலத்தில். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து வருகிற தோலை வடக்கு ஜன்னல் பக்கத்து மேஜையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பேன். இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது தள்ளுபடி என்று பிரிப்பேன். ஒரே நிறச் சாயல் உள்ளவற்றை ஒரே கட்டாகக் கட்டி, எண் போட்டு அனுப்புவேன். ஜோடியின் இரண்டு ஷூவும் ஒரே நிறமாக வருவது அந்தக் கட்டில்தான் இருக்கிறது. "ஜெயசீலன் சார் கட்டின கட்டைப் பிரிச்சுப் பாக்கவே வேணாம்" என்று கட்டிங் செக்‌ஷனில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கூச்சப்படுவதுபோல நடிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது தேன்.

அந்தக் கண் போகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வேன்? என் மனைவி எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டீ டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்பேன். வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்று இருக்கட்டுமே என்றுதான். பார்ப்பதற்கு இல்லை.

சபையில் எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஜெபக்குழுவுக்கு நான்தான் பொறுப்பு. யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் கல்யாணத் தடை, எல்லாம் என்னிடம் வரும். "அண்ணா, ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்று கையைப் பிடிப்பார்கள். ஒருவராவது "உங்களுக்கு எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்பதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாக வண்டியில் ஏறிப் போவார்கள். நான் நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் கடைசியாகக் கிளம்புவேன். ஊழியத்தில் எவ்வளவு வைராக்கியம் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்குப் போகப் பிடிக்காமல்தான் நாற்காலி அடுக்கினேன்.

கண் மங்கியதை மறைக்க நான் செய்த கூத்தை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. பஸ் போர்டு தெரியாது. கண்டக்டர் கத்துகிற வரைக்கும் போன் பேசுவதுபோல நிற்பேன். வேதபாடம் வாசிக்கச் சொன்னால் மனப்பாடமாகத் தெரிந்த பகுதியையே எடுப்பேன். கம்பெனியில் தோலை உள்ளங்கையால் தடவியே பார்ப்பேன். உண்ணி கடித்த வடுவும் கீறலும் வெட்டும் கைக்குத் தெரிந்துவிடும். பழகின கை அது. ஆனால் நிறம் கைக்குத் தெரியாது. இதை இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருந்தவன் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போது நான் செய்த ஜெபத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, முப்பது வருடம் உமக்கு ஊழியம் செய்தேன். உபவாசம் விட்டதில்லை. காணிக்கையில் குறை வைத்ததில்லை. எத்தனை பேருக்காக முழங்காலில் நின்றேன். யாருக்கும் தெரியாமல் என் கண்ணை மட்டும் சரியாக்கிவிடும்." இதுதான் தினமும். ஜெபம் என்று பெயர், ஆனால் நியாயம் கேட்க வந்தவன் பேசுகிற பேச்சு அது. கண் சரியாகவில்லை. இன்னும் மோசமானது.

கிறிஸ்துமஸ் முடிந்த கொஞ்ச நாளில் அது நடந்தது. பழுப்பு நிற ஷூ ஒரு பெரிய ஆர்டர். கடைசிச் சோதனைக்கு வந்த வெளியூர் ஆய்வாளர் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். இடது கால் வெளிர் பழுப்பு. வலது கால் செம்பழுப்பு. அடுத்த பெட்டியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. மொத்த லாட்டும் நின்றுபோனது.

என் மேஜையிலிருந்து கட்டுகளை வாங்கிப் போய்க் கட்டிங்குக்குக் கொடுப்பது அமுதா. மாதனூர் பக்கத்துக் கிராமம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துகிறவள். ஒன்பது வருடமாக ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. கொடுத்த சீட்டில் அவள் கையெழுத்து இருந்தது. கட்டுகளைக் கலந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜெயசீலன் சார் தப்பு செய்ய முடியாதே. அப்படியானால் அவள்தான்.

மேனேஜர் பாய் ரூமுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பாய் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார்.

"ஜெயசீலன், உங்க டேபிள்ல இருந்து போகும்போது ஷேடு சரியாத்தானே இருந்துச்சு?"

அவர் கேள்வியிலேயே பதிலும் இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டேன்.

"சரியாத்தான் இருந்துச்சு பாய்."

அமுதா என் பக்கம் திரும்பினாள். "சார், நான் கட்டை அவுக்கவே இல்ல சார். நீங்க கட்டினது கட்டினபடியே குடுத்தேன். உங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க சார்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் என்ன மாதம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் கறுப்பாக ஏதோ இருந்தது.

"மறுபடி சொல்லி அனுப்பற வரைக்கும் வர வேணாம்மா" என்றார் பாய். அவள் அழுதுகொண்டே போனாள். நான் என் மேஜைக்குப் போய் அடுத்த தோலை விரித்தேன். சகோதரர்களே, அந்த மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த தனிமை வேறு மாதிரி. எஸ்தர் போனபோது வந்த தனிமையில் ஆண்டவர் பக்கத்தில் இருந்தார். இதில் அவரும் இல்லை. அவர் போகவில்லை, நான்தான் முகம் கொடுக்கவில்லை. முழங்கால் போட்டால் வாய் பழைய வாக்கியங்களைச் சொல்லும். "சொல்லுங்க சார்" என்ற குரல் நடுவில் வரும். ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன். கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறுகிற நிறுத்தம் வந்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோல இருப்பேன். ஏறப் போகிறவள் அவள் இல்லை என்று தெரியும். அப்படியும் மூடிக்கொள்வேன்.

பாதிப் பேருக்கு இது புரியாது. ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற விஷயம்தானே என்று கேட்பீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எனக்கு என்ன மிச்சம்? கம்பெனியில் கண்ணுக்காக மரியாதை. சபையில் நேர்மைக்காக மரியாதை. இரண்டும் ஒரே நாளில் போகும். வீட்டில் ஆள் இல்லாதவனுக்கு வெளியில் கிடைக்கிற மரியாதைதான் குடும்பம். அதை விட மனசு வரவில்லை.

இப்படி ஆறு வாரம் போனது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தன. எங்கள் சபையில் லெந்து நாட்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் வைப்போம். சபை ஆயர் என்னிடம் வந்தார். "அண்ணா, ரூத் அக்கா வீட்டுக் கூட்டத்துல மலைமேல ஆண்டவர் சொன்ன முதல் பாக்கியத்தைப் பத்தி நீங்க பேசிடுங்க. ஆவியில் எளிமை. உங்களைவிட்டா யாரு?"

உங்களைவிட்டா யாரு! "சரிங்க ஐயா" என்றேன். இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லை.

ஆவியில் எளிமை என்றால் என்ன என்று அதுவரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தாழ்மையாகப் பேசுவது. வெள்ளைச் சட்டை போடுவது. மேடைக்குக் கூப்பிட்டாலும் பின்வரிசையில் உட்காருவது. இதெல்லாம் என்னிடம் ஏராளமாக இருந்தது. எளிமையிலும் நான் பணக்காரன். ஐந்து பக்கம் குறிப்பு எழுதினேன். கொட்டை கொட்டையாக எழுதினேன், எனக்கே தெரிய வேண்டும் என்று.

ரூத் அக்கா வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்தது. நான் எழுந்து நின்று "ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள், பரலோகராஜ்யம் அவர்களுடையது" என்ற வேதபகுதியை மனப்பாடமாகச் சொன்னேன். பிறகு குறிப்பைப் பிரித்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அண்ணா, லைட்டைப் போடட்டுமா?" என்றார் ரூத் அக்கா.

"லைட்டு எரிஞ்சுக்கினுதான் இருக்குக்கா" என்றார் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சாலமோன். வெளியே நல்ல வெயில் வேறு.

நான் சமாளித்திருக்கலாம். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னொரு பொய்யா என்று ஒரு அலுப்பு வந்தது பாருங்கள், அந்த அலுப்புதான் ஆண்டவர் எனக்குச் செய்த முதல் உதவி.

"லைட்டு பிரச்சினை இல்லக்கா" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியலை. ரொம்ப மாசமாத் தெரியலை."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. பாய் கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலைச் சொன்னேன். அமுதா என்னைப் பார்த்துக் கேட்டதைச் சொன்னேன். "இந்தப் பாக்கியத்தைப் பத்திப் பேச என் கையில ஒண்ணும் இல்ல. எனக்காக யாராவது ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார நாற்காலி எங்கே என்று தடவித்தான் உட்கார்ந்தேன்.

யாரும் என் தோளைத் தட்டவில்லை. அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆயர்கூடத் தொண்டையைக் கனைத்துவிட்டுச் சும்மா இருந்தார். நினைத்தது நடந்துவிட்டது, எல்லாம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. முப்பது பேருக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

அப்போது சாலமோன்தான் வாயைத் திறந்தார். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். டேனரியில் டிரம்மில் தோலைத் தள்ளி எடுக்கிற வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை அவரை விடாது. எழுதப் படிக்கத் தெரியாது. திக்கித் திக்கித்தான் ஜெபம் பண்ணுவார். ஜெபக்கூட்டத்தில் யார் யார் ஜெபிக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறவன் நான். அவர் பெயரைக் கடைசியில் போடுவேன். நேரமாகிவிட்டது என்று பல தடவை அவருக்கு முன்பே முடித்துவிடுவேன். தோலைப் பிரிக்கிறவன் மனுஷரையும் பிரித்துவிட்டேன்.

"ஆண்டவரே" என்றார். "எங்க அண்ணன்கிட்ட ஒண்ணும் இல்லை. எங்ககிட்டயும் ஒண்ணும் இல்லை. நீ வந்தாத்தான் உண்டு. வா சாமி. ஆமென்."

அவ்வளவுதான். நான் எழுதிய ஐந்து பக்கத்தில் இல்லாதது அதில் இருந்தது. ஆண்டவருக்கு முன்னால் என்னிடம் இதெல்லாம் இருக்கிறது என்று எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லாமல், நீர் கொடுத்தால்தான் உண்டு என்று நிற்பதுதான் ஆவியில் எளிமை. பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டவர்களுடையது என்று ஆண்டவர் சொன்னதற்கு அர்த்தம் அந்தக் கூடத்தில்தான் எனக்கு எட்டியது. நிறைத்து வைத்திருக்கிற பாத்திரத்தில் அவர் எதை ஊற்றுவார்? நான் வாய்விட்டு அழுதேன். எஸ்தருக்குக்கூட அப்படி அழவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் பாய் ரூமுக்கு நானே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாய் நல்ல மனுஷர். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, குரல் மட்டும் தெரியும்.

"இன்னா ஜெயசீலன் இது? அந்தப் பொண்ணு இங்க நின்னு அழுதுச்சு. நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

"ஆமா பாய்."

"அது தப்பு பண்ணுச்சுன்னு நான் நம்பிட்டேனே. என்னையும் பாவியாக்கிட்டீங்களே."

அன்றே அமுதாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். என்னைத் தரம் பிரிக்கிற மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். ஷூவுக்கான அட்டைப் பெட்டி மடிக்கிற இடத்தில் போட்டார்கள். வேலையை விட்டே அனுப்பியிருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அமுதா வேலைக்குத் திரும்புவதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். நம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லையே. மாதனூரில் இறங்கி ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டேன். வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார் வேணும்?" என்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பழம் எதுக்கு சார்? அதை நீங்களே எடுத்துக்கினு போங்க. வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

நீட்டின கையை மடக்கிக்கொண்டேன். "நான் பொய் சொன்னேம்மா. உன்னை மாட்டிவிட்டேன். என்னை மன்னிச்சிடு."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "தினமும் கம்பெனி பஸ்ஸு இங்க வந்து ஹாரன் அடிக்கும் சார். பொண்ணுங்க என் மூஞ்சியப் பாக்குங்க. நான் கதவைச் சாத்திக்கினு உக்காந்திருப்பேன். தெருவுல இன்னா பேசினாங்க தெரியுமா? திருடிட்டாளாம். அதான் நிறுத்திட்டாங்களாம்." அடுத்த துணியை எடுத்து உதறினாள். "நீங்க போய் உண்மையைச் சொன்னது நல்லதுதான். ஆனா மன்னிக்க எனக்கு இப்ப மனசு வரலை சார். வந்தாச் சொல்றேன்."

பழைய ஜெயசீலனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருப்பான். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பழப்பையோடு பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தேன். ஆண்டவரிடமும் இத்தனை வருடம் நான் இப்படித்தான் பையை நீட்டிக்கொண்டு போயிருக்கிறேன் என்று அங்கே தோன்றியது. அன்றைக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பண்ணின ஜெபத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "இரங்கும்." பல வாரங்களுக்குப் பிறகு, பக்கத்தில் அவர் இருப்பது எனக்குத் தெரிந்தது.

கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்புரைதான். "சுகர் இருக்கிறவங்களுக்குச் சீக்கிரமே வரும். இதுக்கு ஏன் இத்தனை நாள் வராம இருந்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்கள். சின்ன ஆபரேஷன். யாரிடமாவது வாயைத் திறந்திருந்தால் முதல் மாதமே தீர்ந்திருக்கும். ஆபரேஷனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரிடம் போய் "என்கூட வர்றீங்களா?" என்று கேட்டேன். சாலமோன் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் அவரைக் கேட்டபோது "அண்ணன்" என்று என்னை முந்திக்கொண்டு சொன்னார். கட்டுப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். சபையில் பதினைந்து வருடம் பார்த்த முகம். இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். யாருக்கும் தெரியாமல் சரியாக்கும் என்று கேட்டதை அவர் தரவில்லை. அமுதா போனபிறகு அதைத் தந்திருந்தால் அவள் இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். நானும் அந்த மேஜையில் பெரிய மனுஷனாக உட்கார்ந்து அழிந்திருப்பேன். இரங்கும் என்று கேட்டதைத் தந்தார். இப்போது ஜெபக்குழுவில் நான் பட்டியல் போடுவதில்லை. முதலில் என் தேவையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களின் தேவையைக் கேட்கிறேன். வீடு இன்னும் அதே வீடுதான். பூட்டைத் திறந்தால் யாரும் இல்லை. தனிமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக்கூட அவரிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

உங்களில் யாராவது என்னைப்போல எல்லோருக்கும் ஜெபித்துவிட்டு உங்களுக்கென்று வாயைத் திறக்காமல் இருந்தால், தயவுசெய்து திறந்துவிடுங்கள். நல்ல பெயரை எடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் போகாதீர்கள். அதை அவர் கேட்கவே இல்லை. சொல்ல வார்த்தை இல்லை, காட்ட நன்மை இல்லை என்றால் அப்படியே போங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ள மாட்டார்.

அமுதா என்னை மன்னித்தாளா என்று கேட்பீர்கள். அவள் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் கம்பெனி கேட்டில் வணக்கம் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். பல மாதம் அப்படித்தான். போன வாரம் மத்தியானம் நான் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் போனவள் நின்றாள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

"சாப்டீங்களா சார்?"

எஸ்தர் போனபிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளிடமிருந்து அதைக் கேட்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை. "இன்னும் இல்லம்மா" என்றேன். போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு, வெகு நேரம் ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தேன்.